இறால் ஏன் சிவக்கிறது? பழவேற்காட்டிலிருந்து புரத ஆய்வுக்கு ஒரு வழி

பச்சையாக இருக்கும்போது இறால் சாம்பலும் லேசான நீலமுமாகக் கண்ணாடிபோல் தெரியும். சட்டியில் விழுந்து சூடு ஏறியதும் சிவந்துவிடும். நண்டும் அப்படித்தான். பழவேற்காட்டில் இதைப் பார்க்காத பிள்ளை கிடையாது. ஏன் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். "வெந்தா சிவக்கும், வேற என்ன?" என்பார்கள்.

அந்த "வேற என்ன"வுக்குப் பதில் இருக்கிறது. இறால் ஓட்டில் அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமி உயிரோடு இருக்கும்போதே உண்டு. கிரஸ்டாசயனின் என்ற புரதம் அதை இறுக்கிப் பிடித்து, அதன் வடிவத்தையே மாற்றி வைத்திருப்பதால் நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. சூடு பட்டால் புரதத்தின் மடிப்புக் குலைகிறது. பிடி விட்டதும் நிறமி தன் சொந்த நிறத்தைக் காட்டுகிறது. அந்தப் பிடி எப்படிப்பட்டது என்று அணு அணுவாகக் காட்டும் படம் 2002-ல்தான் வெளிவந்தது. ஐரோப்பியக் கடலில் கிடைக்கும் சிங்கி இறால் வகையின் ஓட்டிலிருந்து புரதத்தைப் பிரித்து, படிகமாக்கி, அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி எடுத்தார்கள்.

புரதம் எப்படி மடிந்திருக்கிறது, அந்த மடிப்பு என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது புரத வடிவ ஆய்வு. உலகம் முழுக்கச் சேர்ந்த அந்த வடிவங்களையும் மரபணு வரிசைகளையும் கணினியில் அலசுவது உயிர்த்தகவலியல். கல்லூரிகளில் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்பார்கள். கோட்டைக்குப்பத்திலோ நடூர் மாதா குப்பத்திலோ ஆண்டிக்குப்பத்திலோ இருந்துகொண்டு, பிளஸ் டூவிலோ கல்லூரி முதலாண்டிலோ படிக்கிற பிள்ளைகளுக்கும், அவர்களைப் படிக்க வைக்கிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. டாக்டர், இன்ஜினீயர் தவிர வேறு வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு இது ஒரு வழி. சுலபமான வழி என்று சொல்ல மாட்டேன்.

சர்தார் படேல் சாலை

இந்தத் துறையின் அடிப்படைகளில் ஒன்று நமக்கு 60 கிலோமீட்டர் தெற்கே போடப்பட்டது. பொன்னேரியில் மின்சார ரயில் ஏறிச் சென்னை போய், அங்கிருந்து கிண்டிக்குப் போனால் சர்தார் படேல் சாலை. ஒரு பக்கம் ஐ.ஐ.டி., எதிர்ப்பக்கம் அண்ணா பல்கலைக்கழகம், அதையொட்டிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், சற்றுத் தள்ளி மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். 1952-ல் இங்கே இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். அப்போது அவருக்கு வயது 30. துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் முதலில் சி.வி. ராமனைத்தான் அழைத்தார். ராமன் தான் வரவில்லை என்று சொல்லி, தன் மாணவர் ராமச்சந்திரனைக் கைகாட்டினார்.

அந்த ஆண்டு சென்னைக்கு வந்த ஆங்கிலேய விஞ்ஞானி ஜே.டி. பெர்னல், கொலாஜன் புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். கொலாஜன் என்பது நம் தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் இருப்பது. மீன் தோலிலும் செதிலிலும்கூட இருக்கிறது. ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வால் தசைநார் கிடைத்தது. அதை வைத்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல், கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கயிறு திரிக்கத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இந்த வடிவத்தை விளக்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். கேம்பிரிட்ஜில் இருந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், இந்த வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்று குறை சொல்லி, திருத்திய வடிவம் ஒன்றை முன்வைத்தார்கள். ராமச்சந்திரன் அதோடு மனம் சோர்ந்து வேறு வேலைக்குப் போய்விடவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதற்கு உண்மையான எல்லை எது என்று அடிப்படையிலிருந்தே தேட ஆரம்பித்தார். அதுவரை வெளிவந்திருந்த படிக வடிவங்களையெல்லாம் எடுத்து அளந்தார்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் முக்கியமாக இரண்டு இடங்களில்தான் திருப்ப முடியும். அந்த இரண்டு திருப்பங்களுக்கும் எந்தக் கோணங்கள் வைத்தால் அணுக்கள் இடிக்காது என்று சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவருடன் சேர்ந்து கணக்கிட்டார். இன்றைய கணினிகள் இல்லாத காலம். மேசைக் கணக்குப் பொறியில் எண் எண்ணாகப் போட்ட கணக்கு. 1963-ல் வெளிவந்த அந்த வரைபடத்துக்கு ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்று பெயர். இன்று உலகில் யார் புதிய புரத வடிவத்தை வெளியிட்டாலும், சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் முதல் சோதனைகளில் இது உண்டு.

பெரிய கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. ஒரு நல்ல கேள்வியும், குறை சொன்னவர்களுக்குக் கணக்கால் பதில் சொல்லும் பொறுமையும் இருந்தன. இந்தக் கட்டுரையில் இனி நான் சொல்லப்போகும் யோசனைகள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றியே வரும்.

கணக்கை விடாதீர்கள்

பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே முதல் முடிவு வந்துவிடுகிறது. ‘பயோ-மேத்ஸ்’ கிடைத்தால் எடுங்கள். உயிரியல் பிடித்த பிள்ளைகள் கணக்குக்குப் பயந்து ‘ப்யூர் சயின்ஸ்’ பக்கம் போய்விடுகிறார்கள். பின்னாளில் புரத ஆய்வில் அவர்கள் திணறுவது உயிரியலில் அல்ல. முக்கோணவியலில், வெக்டரில், நிகழ்தகவில். ஏற்கெனவே கணக்கை விட்டுவிட்டீர்களா? கதவு மூடிவிடவில்லை. கல்லூரியில் சேர்ந்ததும் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை எடுத்துத் தினம் ஒரு மணி நேரம், ஒரு வருடம் போடுங்கள். ட்யூஷன் தேவையில்லை.

இளங்கலையில் என்ன படிப்பது? பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ‘பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்’ என்றே பெயர் வைத்த பட்டம் கட்டாயமில்லை. பி.எஸ்சி. இயற்பியல், வேதியியல், உயிர்வேதியியல் இவற்றில் ஒன்றை ஆழமாகப் படித்து, மற்றதைப் பக்கத்தில் கற்றுக்கொண்டவர்கள் நீண்ட தூரம் போவதைப் பார்த்திருக்கிறேன். ராமச்சந்திரன் இயற்பியல்காரர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-ல் இயற்பியலில் பி.எச்டி. வாங்கியவர். அதன்பிறகுதான் உயிரியல் வேண்டும் என்று தோன்றி, அமெரிக்காவில் மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். ரைபோசோமின் வடிவத்தைக் கண்டதற்காக 2009-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இயற்பியலில் பட்டம், உயிரியலில் ஆய்வு, வேதியியலில் பரிசு. எனவே பதினேழு வயதில் தப்பான பட்டத்தில் சேர்ந்துவிட்டோமோ என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிளஸ் டூ முடித்ததும் எழுதக்கூடிய தேர்வுகளில் பழவேற்காட்டுப் பிள்ளைகள் அதிகம் கேள்விப்படாதது ஐசர் நுழைவுத் தேர்வு. மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களில் ஐந்தாண்டுப் படிப்புக்கான தேர்வு அது. உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15 வீதம் 60 கேள்விகள். நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஐசர் திருப்பதியில் 2015-ல் தொடங்கியது. அங்கே முதல் வருடமே ஆய்வகத்தை எட்டிப் பார்க்க முடியும்.

இன்னொரு வழி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மீன்வளம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீட்டைத் தமிழக அரசு 2021-ல் சட்டமாக்கியது. மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென உள்ள ஒதுக்கீட்டையும் விண்ணப்பக் குறிப்பேட்டில் பார்த்து, சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மீன்வளப் பட்டம் என்றால் பண்ணை வேலை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். மீன் நோய், மரபணு, மூலக்கூறு உயிரியல் என்று முதுகலையில் திரும்பினால் புரத ஆய்வுக்கு அங்கிருந்தும் பாதை போகிறது. வலையும் தண்ணீரும் தெரிந்த பிள்ளைக்கு இந்தப் பாதையில் இருக்கும் சாதகம் நகரத்துப் பிள்ளைக்குக் கிடையாது.

இன்று இரவே ஒரு செல்போனில்

படிப்பு முடியும்வரை காத்திருக்காதீர்கள். புரதத் தரவு வங்கி என்று ஒன்று இருக்கிறது. துறையில் பி.டி.பி. என்பார்கள். 1971-ல் ஏழே ஏழு வடிவங்களோடு அமெரிக்காவில் தொடங்கியது. இன்று 2 லட்சத்துக்கும் மேல். யாரும் காசு கேட்பதில்லை, பாஸ்வேர்டு கேட்பதில்லை. செல்போனில் அதன் தளத்தைத் திறந்து 4 சி.பி.வி. என்ற குறியீட்டை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் போடுங்கள். கெண்டை மீனின் தசையில் இருக்கும் பார்வல்புமின் என்ற சின்னப் புரதம் வரும். 108 அமினோ அமிலங்கள்தான். விரலால் சுழற்றிப் பாருங்கள். சுருள் சுருளாக இருப்பவை ஆல்ஃபா சுருள்கள். இரண்டு இடங்களில் சுருளும் சுருளும் சந்திக்கும் வளைவுக்குள் ஒரு உருண்டை உட்கார்ந்திருக்கும். அது கால்சியம். மீன் வாலை ஒரு வெட்டு வெட்டி உடனே தளர்த்த வேண்டுமல்லவா? தசைக்குள் பாய்ந்த கால்சியத்தை விரைவில் வாரிக்கொண்டு தசையைத் தளர விடுவதில் இதற்குப் பங்கு உண்டு.

அடுத்து, அதே புரதத்தின் வரிசையை யூனிப்ராட் என்ற தளத்தில் எடுங்கள். பிளாஸ்ட் என்ற கருவியில் போட்டு, கொடுவாவிலும் மடவையிலும் பால் மீனிலும் இதற்கு நெருங்கியது எது என்று தேடுங்கள். வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், கால்சியத்தைப் பிடிக்கும் இடத்தில் எழுத்துகள் பெரும்பாலும் மாறாமல் இருப்பதைப் பார்ப்பீர்கள். மற்ற இடங்களில் மாறியிருக்கும். வேலை செய்யும் இடம் மாறுவதில்லை, சும்மா இருக்கும் இடம் மாறுகிறது என்ற இந்த ஒரு கருத்தை வைத்துத்தான் உயிர்த்தகவலியலில் பாதி நடக்கிறது. இதை யாரும் சொல்லாமல் நீங்களே கண்ணால் பார்த்தீர்கள் என்றால் அந்த இரவு வீண்போகவில்லை.

இதே பார்வல்புமின்தான் மீன் ஒவ்வாமைக்கும் முக்கியக் காரணம். சூட்டைத் தாங்கும் புரதம் என்பதால் குழம்பு வைத்தாலும் ஒவ்வாமை போவதில்லை. ஆய்வகத்தில் இதைப் பிரிக்கவும் அந்தக் குணமே உதவுகிறது. மீன் தசைச் சாற்றைச் சூடாக்கினால் மற்ற புரதங்கள் பெரும்பாலும் திரிந்து கீழே தங்கிவிடும், இது கரைசலில் நிற்கும்.

கணினி கிடைத்ததும் பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு லினக்ஸ். புள்ளியியலில் ஒரு நல்ல அடிப்படைப் பாடம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் மைக்கேல் குரோமிஹாவின் உயிர்த்தகவலியல் பாடம் என்பிடெல் தளத்தில் இலவசமாக இருக்கிறது. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும்தான் கட்டணம். ஆங்கிலம் முதலில் கஷ்டமாக இருக்கும். வேகத்தைக் குறைத்து, நிறுத்தி நிறுத்தி, இரண்டு முறை கேளுங்கள். ஆங்கிலம் பேச வராததால் இந்தத் துறையை விட்ட பிள்ளைகளைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். ஆய்வுக் கட்டுரையின் ஆங்கிலம் சில நூறு சொற்களுக்குள் சுற்றுகிற ஆங்கிலம். ஆறு மாதத்தில் பழகிவிடும்.

குரோமிஹாவின் பாதையே ஒரு பாடம். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பி.கே. பொன்னுசாமியிடம் பி.எச்டி. செய்தவர். பொன்னுசாமி, புரதத்தின் எந்தப் பகுதி தண்ணீரை வெறுத்து உள்ளே ஒதுங்குகிறது என்பதை எண்களாக்கியவர், பி. மாணவாளனுடன் சேர்ந்து 1978-ல் ‘நேச்சர்’ இதழில் அதை எழுதினார். குரோமிஹா அங்கிருந்து வெளிநாடு போய், ஜப்பானில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, 2010-ல் சென்னைக்கு வந்தார். ஜப்பானில் அவர் பங்கெடுத்து உருவான புரோதெர்ம் என்ற தரவுத்தளம், ஒரு புரதத்தில் ஒரு எழுத்தை மாற்றினால் அதன் உறுதி எவ்வளவு குறைகிறது என்று நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் சிதறிக் கிடந்த அளவுகளைப் பொறுக்கி ஓரிடத்தில் சேர்த்தது. பொறுக்கிச் சேர்ப்பதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். கருவாடு தரம் பிரிக்கிற கை எவ்வளவு நுட்பமானதோ அவ்வளவு நுட்பம் இதற்கும் வேண்டும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆய்வில் சேர்ந்த புதிதில், தரவுத்தளத்தில் பெயரை மட்டும் பார்த்து ஒரு வரிசையை எடுத்தேன். அது நான் நினைத்த உயிரினத்தின் முழுப் புரதம் அல்ல, பாதியில் அறுந்த துண்டு. அதன்மேல் மூன்று மாதம் கணக்குப் போட்டேன். படங்கள் அழகாக வந்தன. ஒருநாள் நீளத்தை எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூன்று மாதமும் போயிற்று. கணினி தப்பான கேள்விக்கும் தயங்காமல் பதில் தரும். அன்றிலிருந்து எந்த வரிசையை எடுத்தாலும் உயிரினம், நீளம், எந்தப் பதிப்பு என்று மூன்றையும் நோட்டில் கையால் எழுதாமல் வேலையைத் தொடங்குவதில்லை.

பணம், காலம், வீடு

வீட்டில் கேட்கும் கேள்வி இதுதான்: எப்போது சம்பளம் வரும்? நேரடியாகச் சொல்கிறேன். பட்டம், முதுகலை முடிக்க ஐந்து வருடம். பி.எச்டி. இன்னும் ஐந்தாறு வருடம். ஆனால் பி.எச்டி. காலத்தில் நீங்கள் கட்டணம் கட்டும் மாணவர் மட்டும் அல்ல. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. வீட்டு வாடகைப் படி தனி. உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஜே.ஆர்.எஃப். தேர்வு, கேட் தேர்வு ஆகியவையும் உண்டு. முதுகலைக்கு ஜாம், கேட்-பி தேர்வுகள். கேட்-பி வழியாகச் சேரும் இடங்களில் படிக்கும்போதே உதவித்தொகை கிடைக்கும்.

உதவித்தொகை சில சமயம் மாதக் கணக்கில் தாமதமாகும். அதற்காக வட்டிக்கு வாங்காதீர்கள். முதல் தவணை வந்ததும் மூன்று மாதச் செலவை ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தில் வீட்டுக்கு அனுப்புங்கள்.

பி.எச்டி. முடித்த எல்லோருக்கும் பேராசிரியர் வேலை கிடைப்பதில்லை. இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். பெங்களூர், ஹைதராபாத், சென்னையில் மருந்து நிறுவனங்களும் மரபணுச் சோதனை நிறுவனங்களும் கணினிப் பிரிவுகளுக்கு ஆள் எடுக்கின்றன. பைத்தானும் புள்ளியியலும் கைவசம் உள்ளவர் தரவு அறிவியல் வேலைக்கும் போகலாம். நான் கணக்கை இவ்வளவு வற்புறுத்துவதற்கு இது இன்னொரு காரணம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பேராசிரியராக இருக்கும் ஆர். சௌதாமினி, பி. பலராம், மேலே சொன்ன சி. ராமகிருஷ்ணன் ஆகியோருடன் இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு செய்தவர். பிறகு லண்டனில் டாம் புளண்டெலிடம் பணி. நாடு திரும்பி நூற்றுக்கணக்கான கட்டுரைகள். 2015-ல் துளசியின் மரபணுத் தொகுதியை வெளியிட்ட குழு அவருடையது; பிறகு முருங்கையையும் எடுத்துக்கொண்டார்கள். கிண்டியில் கணக்குப் பொறியில் தொடங்கிய பரம்பரை, வீட்டுத் துளசி மாடம்வரை வந்திருக்கிறது. உங்கள் மகள் 23 வயதில் "இன்னும் அஞ்சு வருஷம் படிக்கணும்" என்றால், கல்யாணப் பேச்சை எடுக்கும் முன் அவளோடு ஒருநாள் அவள் சேர நினைக்கும் ஆய்வகத்துக்குப் போய்ப் பாருங்கள்.

கடிதம் எழுதுவது எப்படி

கல்லூரி இரண்டாம் ஆண்டுக் கோடையில் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் இருந்துவிடுங்கள். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், பேராசிரியருக்கு நேராகவும் எழுதலாம். ஒரே மின்னஞ்சலை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள், படித்ததும் தெரிந்துவிடும். ஒருவரின் ஒரு கட்டுரையைப் படியுங்கள். அதில் புரியாத ஒரு இடத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நீங்கள் செய்து பார்த்த ஒரு சின்ன வேலையை, அந்தப் பார்வல்புமின் அடுக்கையே, இரண்டு வரியில் சொல்லுங்கள். பழவேற்காட்டிலிருந்து எழுதுகிறேன் என்பதையும் சேருங்கள். பத்து வரிக்கு மேல் போக வேண்டாம். பத்து நாள் பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள்.

எங்கே தேடுவது? கிண்டி வளாகத்தில் ராமச்சந்திரன் வழிவந்த படிகவியல், உயிர் இயற்பியல் துறை. ஐ.ஐ.டி.யில் உயிரித் தொழில்நுட்பத் துறை. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியல் துறை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே மத்திய அரசு உயிர்த்தகவல் மையம் அமைத்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவு ராமச்சந்திரன் 1970களின் தொடக்கத்தில் அங்கே போய் வளர்த்தது.

பி.எச்டி.க்கு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பேரை மட்டும் பார்க்காதீர்கள். அவரிடம் இப்போது இருக்கும் மாணவர்களோடு தனியாக டீ குடியுங்கள். முன்னால் முடித்தவர்களுக்கு எத்தனை வருடம் ஆயிற்று? யார் பெயர் கட்டுரையில் முதலில் வருகிறது? அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஊருக்கு விடுவாரா? மூன்றுக்கும் அவர்கள் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னால் வேறு ஆய்வகம் பாருங்கள். எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும்தான்.

கணினி வேலை மட்டும் போதும் என்று நினைப்பவர்களும் இரண்டு மாதமாவது கை நனைய வேண்டும். புரதம் எப்படி நாறும், எப்படித் திரிந்துபோகும், நாலு டிகிரி குளிரில் நின்று பிரிக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று தெரிந்தவர் தரவுத்தளத்தின் ஒவ்வொரு எண்ணையும் மரியாதையோடு பார்ப்பார்.

ஆல்ஃபாஃபோல்ட் வந்த பிறகு

"எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே கண்டுபிடித்துவிட்டதாமே, இனி இந்தப் படிப்பு எதற்கு?" இப்போது எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. 2020-ல் ஆல்ஃபாஃபோல்ட் என்ற நிரல், வரிசையை மட்டும் வைத்துப் புரத வடிவத்தைக் கணிப்பதில் எல்லோரையும் திகைக்க வைத்தது. 2022-க்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்களைக் கணித்து இலவசமாக வெளியிட்டார்கள். 2024-ல் வேதியியல் நோபல் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர், டேவிட் பேக்கர் மூவருக்கும். அந்த நிரல் எதைப் படித்துக் கற்றுக்கொண்டது? ஐம்பது ஆண்டுகளாக ஆட்கள் படிகம் வளர்த்து, எக்ஸ் கதிர் பாய்ச்சிப் புரதத் தரவு வங்கியில் சேர்த்துவைத்ததை.

ஆல்ஃபாஃபோல்ட் தரும் படத்தில் நிறம் உண்டு. கரும் நீலம் என்றால் நம்பிக்கை 90-க்கு மேல். ஆரஞ்சு என்றால் 50-க்குக் கீழ். ஆரஞ்சுப் பகுதியை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். பெரும்பாலும் அது வடிவமே இல்லாமல் அலைந்துகொண்டிருக்கும் பகுதி. ஒரு எழுத்து மாறினால் நோய் ஏன் வருகிறது, புரதம் வேலை செய்யும்போது எப்படி அசைகிறது போன்ற கேள்விகளில் இன்னும் சோதனைக்கூடத்தின் துணை வேண்டும். இந்தோரில் எக்ஸ் கதிர்க் கற்றை தரும் இந்துஸ்-2 இருக்கிறது, பெங்களூரில் புரதத்தை உறைய வைத்துப் படம் எடுக்கும் மின்னணு நுண்ணோக்கிகள் இருக்கின்றன. கருவிக்காக வெளிநாடு போயே ஆக வேண்டிய காலம் போய்விட்டது.

கருவி எல்லோர் கையிலும் வந்துவிட்டதால், எந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்பதற்கு மதிப்புக் கூடியிருக்கிறது. பழவேற்காட்டில் பாடு உண்டு. எந்த முறைக்கு யார், எந்த இடத்தில் வலை போடுவது என்பதைத் தலைக்கட்டுக்காரர்கள் சீட்டுப் போட்டு வைத்திருக்கும் ஏற்பாடு. எல்லோரும் ஒரே இடத்தில் இறங்கினால் யாருக்கும் மீன் இருக்காது என்று அனுபவத்தில் கண்டவர்கள் வகுத்தது. ஆய்விலும் அப்படித்தான். பிரபலமான ஒரு புற்றுநோய்ப் புரதத்தை எடுத்து, நூறு மூலிகை மூலக்கூறுகளை நிரலில் பொருத்திப் பார்த்து ஒரு கட்டுரை எழுதுவது இன்று ஆயிரம் பேர் இறங்கி நிற்கும் இடம். சோதனை இல்லாத அந்தக் கட்டுரைகளால் மருந்தும் வராது, உங்களுக்கு வேலையும் கிடைக்காது. இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

உங்கள் பாடு உங்கள் தண்ணீரிலேயே இருக்கிறது. இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் ட்ரோபோமயோசின் என்ற புரதம் என்று 1993-ல் காட்டியவர்களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி.வி. சுப்பா ராவ் குழுவினர் உண்டு. அவர்கள் எடுத்துக்கொண்ட இறால் நம் ஏரியில் பிடிபடும் அதே வெள்ளை இறால் இனம். பண்ணை இறால்களை அழிக்கும் வெண்புள்ளி வைரஸின் மேலுறைப் புரதங்களின் வடிவத்தை 2007-ல் சிங்கப்பூரில் வெளியிட்ட குழுவில் ஜே. சிவராமன் இருந்தார். வெள்ளை இறாலின் மரபணுத் தொகுதியைச் சென்னையில் உள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமான சிபா வெளியிட்டிருக்கிறது. அது பொதுத் தரவு, கல்லூரிக் கணினியில் இறக்கிக்கொள்ளலாம்.

அதில் கிரஸ்டாசயனின் மரபணுக்களைத் தேடுங்கள். எத்தனை இருக்கின்றன, சிங்கி இறாலின் புரதத்தில் நிறமியைத் தொடும் எழுத்துகள் வெள்ளை இறாலில் மாறியிருக்கின்றனவா என்று அடுக்கிப் பாருங்கள். வரி இறாலைக் கறுப்புத் தரையில் விட்டால் அதன் நிறம் அடர்கிறது, தோலுக்கடியில் இந்தப் புரதமும் கூடுகிறது என்று ஆஸ்திரேலியாவில் பார்த்திருக்கிறார்கள். நம் ஏரியில் சேற்றடியும் உண்டு, மணலடியும் உண்டு. இரண்டு இடத்திலும் பிடித்த இறால் ஒரே நிறமா என்று தாத்தாவிடம் கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதி, இடம், மாதத்தோடு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.